ஒரு விலாசத்துக்கு ஒரு லைன்

ஐந்தாவது படியில் வைஃபை இரண்டு கோடு. ஆறாவது படியில் ஒன்று. மாடி அறைக்குள் போனால் அதுவும் இல்லை.

சுகிர்தா தன் அக்காவின் வீட்டுக்கு வந்த இந்த மூன்று வருடத்தில் அந்தப் படிக்கட்டை இப்படித்தான் எண்ணப் பழகியிருந்தாள். கட்டாரில் இருக்கும் கணவன் துவாரகனோடு பேசுவது ஐந்தாவது படியில். மகள் லக்சனாவின் வகுப்புக் குழுவில் வரும் வீட்டுவேலையைப் பார்ப்பதும் ஐந்தாவது படியில். அங்கே இருந்து பேசினால் கீழே விறாந்தையில் இருப்பவருக்கும் கேட்கும், குசினியில் நிற்பவருக்கும் கேட்கும். அதனால் இந்த மூன்று வருடத்தில் அவள் கணவனோடு பேசியதெல்லாம் மற்றவர்களும் கேட்கக்கூடிய பேச்சு மட்டும்தான்.

இன்று வியாழக்கிழமை. சனிக்கிழமை விடிய நாலு மணிக்கு அவள் ஒன்லைனில் தமிழ் படிப்பிக்கும் வகுப்பு.

போன வாரம் நடந்த வகுப்பை நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது. ரொறன்ரோவில் ஏழு பிள்ளைகள், அவர்களுக்கு வெள்ளிக்கிழமை பின்னேரம். 'அணில்' என்று எழுதிக் காட்டிக்கொண்டிருக்கும்போதே ஏழு முகங்களும் உறைந்துபோயின. போனில் போட்டிருந்த டேற்றா அதோடு முடிந்துபோனது. அந்த வகுப்புகளை நடத்தும் ரீச்சர் நல்லவர். "உங்களுக்குப் படிப்பிக்கத் தெரியுது பிள்ளை. ஆனால் வீட்டு லைன் ஒண்டு இல்லாமல் என்னால எடுக்க ஏலாது. இன்னொருக்காப் பாப்பம்" என்றார். அந்த இன்னொரு தடவைதான் இந்தச் சனிக்கிழமை.

வீட்டில் லைன் இல்லாமல் இல்லை. கீழே, அக்காவின் கணவர் தவராசா அத்தானின் படுக்கையறையில், அலுமாரிக்கு மேல் ரூட்டர் இருக்கிறது. இரவு ஒன்பது மணிக்கு அவர் அதை நிறுத்துவார். காலை ஆறு மணிக்குப் போடுவார். நாலு மணிக்குத் தேவை என்று அவள் கேட்டுப் பார்த்தாள். அவர் கோபிக்கவே இல்லை.

"ராவிராவா அது தலைமாட்டில ஓடக்கூடாது பிள்ளை. உடம்புக்குக் கூடாது. அதோட, நாலு மணிக்கு எழும்பிக் கஷ்டப்பட உமக்கு இஞ்ச என்ன குறை? ஏதும் வேணுமெண்டால் என்னட்டக் கேளுமன்."

அதுதான் அத்தான். உப்புவெளியில் சுகிர்தாவுக்கென்று கட்டிய வீடு பாதியில், லின்ரல் மட்டத்தோடு நின்றபோது, "கொஞ்சநாளைக்கு எங்கட மேல்மாடியில வந்து இருங்கோ" என்று லொறி பிடித்துச் சாமான் ஏற்றியவரும் அவர்தான். ஒரு நாள்கூட முகம் கோணியதில்லை. அவளால் மூச்சுவிட முடியாமல் இருப்பதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது என்பதுதான் அவளை மேலும் மூச்சுமுட்ட வைத்தது.

ஐந்தாவது படியில் போன் அதிர்ந்தது. துவாரகன். வேலைக்குப் போக முதல் எடுக்கிறான்.

"புது லைனைப் பற்றி அத்தானிட்டச் சொல்லிட்டியா?"

"இல்லை." அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"சொல்லாமல் எப்பிடி? ஆக்கள் வந்து சுவரில துளைக்கேக்க சொல்லப் போறியோ?"

"சொன்னால் வேண்டாம் எண்டுவார்."

"அப்ப விடன். அந்த மனுசனோட கொழுவி என்னத்தைக் காணப்போறாய்? இன்னும் ஒரு வருசம்—"

"துவாரகனே?" கீழேயிருந்து அத்தானின் குரல் வந்தது. "நான் கேட்டதெண்டு சொல்லும். வெயில் கடுமையாமே அங்க?"

"ஓம் அத்தான், சொல்லுறன்."

அதற்குமேல் அந்தப் படியில் பேச எதுவும் இருக்கவில்லை.

சுகிர்தா கீழே இறங்கியபோது தவராசா சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார். துறைமுகத்தில் ஸ்டோர்ஸ் பகுதியில் வேலை. ஒவ்வொரு நாளும் லக்சனாவைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுத்தான் போவார். கதிரைக்குப் பக்கத்தில் அவளுடைய தண்ணீர்ப் போத்தலையும் நிரப்பி வைத்திருந்தார்.

"நேற்று உம்மட போன் ஒன்பது மணி வரைக்கும் நெட்டில நிண்டிருக்குது" என்றார், தலை நிமிராமல். "லக்சனா நித்திரை கொள்ளேல்லையோ?"

"அவளுக்கு ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது அத்தான்."

"அதுதானே பாத்தன்."

அவருடைய போனில் ஒரு செயலி உண்டு. வீட்டில் எந்தப் போன் எவ்வளவு நேரம் இணைந்திருந்தது என்று அது காட்டும். ஒவ்வொன்றுக்கும் அவரே பெயர் கொடுத்திருந்தார். அவளுடையது 'சுகிர்தா – மேல்'. ஒருநாள் அதைப் பெருமையாகக் காட்டியபோது அவளும் சிரித்தாள்.

மோட்டார் சைக்கிள் ஓர்ஸ் ஹில் சரிவில் இறங்கி மறையும்வரை காத்திருந்தாள். கேற்றடியில், ஊருக்குள் திரியும் மான்களில் இரண்டு நேற்றைய வாழைப்பழத் தோலை மணந்துகொண்டு நின்றன. அவற்றைத் தாண்டிக்கொண்டு, "கடைக்குப் போட்டு வாறன் அக்கா" என்று குசினிப் பக்கம் குரல் கொடுத்துவிட்டு நடந்தாள்.

கைப்பைக்குள் ஒரு கடிதம். 'எனது வீட்டில் வசிக்கும் திருமதி சுகிர்தா துவாரகன் தனி இணைய இணைப்பொன்றைப் பெறுவதில் எனக்கு ஆட்சேபனை இல்லை.' கீழே, சி. தவராசா என்று தட்டச்சு செய்து, அதற்கு மேலே ஒரு வெற்றுக் கோடு. மூன்று நாளாக அந்தக் கோட்டைக் காவிக்கொண்டு திரிகிறாள்.

தபாற்கந்தோர் வீதியில் இருந்த இணைய முகவர் கடை அப்போதுதான் திறந்திருந்தது. கவுண்டரில் ரிஷாத். கிண்ணியாவிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிறவன். அவளைக் கண்டதும் கையை விரித்தான்.

"வாங்கக்கா. உங்களுக்கு அடிக்கத்தான் போனைக் கையில எடுத்தேன். திங்கக்கிழமை நீங்க தந்த விண்ணப்பப் போமைத் திருப்பி அனுப்பிட்டாங்க."

"ஏன்?"

"ஒரு விலாசத்துக்கு ஒரு லைன். அந்த விலாசத்துல தவராசாட பேர்ல ஒரு லைன் ஓடுது."

"அது தெரியும். அதுக்குத்தானே வீட்டுக்காரரிட்டக் கடிதம் வேணுமெண்டு சொன்னனீங்கள். நான்..." கைப்பையைத் தொட்டாள். "இண்டைக்கு எப்பிடியும் கேட்டிருவன்."

"கேட்டும் பிரயோசனம் இல்லக்கா."

ரிஷாத் இரண்டு தாள்களை அவள் பக்கம் திருப்பி வைத்தான். ஒன்று அவள் நிரப்பிய படிவம். வீட்டு உரிமையாளர் என்ற இடத்தில் அவளுடைய வடிவான கையெழுத்தில்: சி. தவராசா. அதற்குக் கீழே அவருடைய போன் இலக்கம். மற்றது, விலாசத்துக்கு அத்தாட்சியாக அவளே கொண்டுவந்து கொடுத்த நகரசபைக்கு வீட்டுக்காகக் கட்டும் சோலைவரியின் பற்றுச்சீட்டுப் பிரதி.

"இதுல என்ன பேர் இரிக்கி? வாசிங்க."

வாசித்தாள். திருமதி த. பாமினி.

"ராத்தாதானே?"

"ஓம். அக்கா."

"அப்ப ராத்தாட வீடு. மச்சான் பத்துக் கையெழுத்து வச்சாலும் செல்லாது." ரிஷாத் சிரித்தான். "நீங்க வெக்கப்படாதீங்கக்கா. எங்கட ஊர்லயும் இதான் கதை. வீடு பொண்டாட்டிட. கரண்ட் பில்லு, தண்ணி பில்லு, ரிவி எல்லாத்தையும் நம்மட பேருக்கு எடுத்துக்கிட்டு நாங்க பெரிய முதலாளி மாதிரி கால் போட்டுக்கிட்டு இரிக்கிறது. என்னையும்தான் சொல்றேன். மாமி வீட்டுலதான் இரிக்கேன், ஆனா ரிமோட் என்ட கையில."

அவள் சிரிக்க முயன்றாள். கண்கள் அந்தப் படிவத்தை விட்டு அகலவில்லை.

அவளுக்குத் தெரியாததா? அக்காவின் கல்யாணத்துக்கு முதல் வாரம் நொத்தாரிசு வீட்டுக்கு வந்து உறுதிப் பத்திரத்தை வாசித்தபோது தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தவள் அவள்தான். மூத்தவளுக்கு ஓர்ஸ் ஹில் வீடு, இளையவளுக்கு உப்புவெளிக் காணி. பெண்பிள்ளைக்கு வீடு கொடுப்பதும் மாப்பிள்ளை வந்து சேர்வதும் இந்த ஊரில் புதினமில்லை. அத்தான் ஒரே ஒரு சூட்கேசோடுதான் இந்த வீட்டுக்கு வந்தார்.

இருந்தும் 'உரிமையாளர்' என்ற சொல்லைக் கண்டவுடன் கை தானாக அவருடைய பெயரை எழுதியிருக்கிறது. யாரும் எழுதச் சொல்லவில்லை. யோசித்துக்கூட எழுதவில்லை. மூன்று நாளாக அந்தக் கடிதத்தைக் காவி, இரவில் நித்திரையில்லாமல் புரண்டு, எப்படிக் கேட்பது, எந்த நேரம் கேட்பது என்று ஒத்திகை பார்த்ததெல்லாம், கேட்கத் தேவையே இல்லாத ஒருவரிடம்.

பூட்டப்படாத கேற்றுக்கு முன்னால் இத்தனை நாள் நின்றிருக்கிறேன் என்று தோன்றியது. அடுத்த கணமே, அக்காவின் முகம் நினைவுக்கு வந்தது. அந்த ஆறுதல் போய்விட்டது.

"இப்ப என்ன செய்யிறது?"

"புதுசாக் கடிதம். ராத்தாட பேர், ராத்தாட சைன். படம் பிடிச்சு வட்ஸ்அப்புல போடுங்க, அது போதும். போம்ல பேர மட்டும் மாத்திர்றேன், மத்ததெல்லாம் நீங்க தந்தபடியே இரிக்கட்டும். சரியா?"

"ஓம் ஓம், அப்பிடியே விடுங்கோ."

"மூணு மணிக்கு முந்திக் கிடைச்சா நாளைக்குப் பத்து மணிக்குப் பொடியன்கள அனுப்புறேன். ஜும்மாக்கு முந்தி முடிச்சிருவாங்க. மூணு தாண்டினா திங்கக்கிழமைதான்."

திங்கட்கிழமை என்றால் சனிக்கிழமை வகுப்பு இல்லை. வகுப்பு இல்லை என்றால் பிறகு எதுவும் இல்லை.

வீட்டுக்கு வரும்போது பாமினி குசினியில் சூடை மீனுக்குச் செதில் உரசிக்கொண்டிருந்தாள். சுகிர்தா புதிதாக அடித்துக்கொண்டுவந்த கடிதத்தை மேசையில் வைத்து, நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். அக்காவின் கை ஒரு கணமும் நிற்கவில்லை.

"எனக்கு இதொண்டும் தெரியாது சுகி. அவர் வரட்டும்."

"அவற்ற கையெழுத்து வேண்டாமாம் அக்கா. உங்கடதான் வேணுமாம்."

"என்ரதோ?" பாமினி சிரித்தாள். "நான் கையெழுத்து வச்சு எத்தினை வருசம். பாங்குக்கும் அவர்தான் போறவர்."

"வீடு உங்கடதானே."

"வீடு என்ரதுதான். அதுக்கு?"

சுகிர்தா கடிதத்தை இன்னும் கொஞ்சம் அக்காவின் பக்கம் நகர்த்தினாள்.

"உங்களை ஒரு நாள், ஒரு சொல், பிழையாச் சொல்லியிருப்பாரோ அந்த மனுசன்?"

"இல்லை."

"லக்சனாவுக்கு ஏதும் குறை வச்சவரோ?"

"இல்லை அக்கா."

"பிறகென்ன உனக்கு?"

அந்தக் கேள்விக்கு எந்த வசனத்தில் பதில் சொல்வது? ஒவ்வொரு நாளும் நல்லவராக இருக்கும் ஒருவரின் கண்ணுக்கு முன்னாலேயே இருந்து இருந்து, எனக்கென்று மறைக்க ஒன்றுமில்லாமல் போய்விட்டது என்றா? மறைக்கக் கூடியதாக எதுவும் செய்யாதவளுக்கும் ஒரு கதவு வேண்டியிருக்கிறது என்றா? வாய்க்குள் வந்தவை எல்லாம் நன்றிகெட்டவை போலவே இருந்தன.

"ஒண்டுமில்லை" என்றாள். "மீன் உரசித் தரட்டே?"

"முடிஞ்சுது. நீ போய்ச் சாப்பிடு."

கடிதம் மேசையில் கிடந்தது. ஒரு மூலையில் மீன் செதில் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

மேலே வந்து கட்டிலில் சாய்ந்தாள். ஜன்னலுக்கு அப்பால் உள்துறைமுகம் ஆடாமல் அசையாமல் கிடந்தது. ஒரு கப்பல் நாலு நாளாக அதே இடத்தில் நிற்கிறது. ஒன்றரை மணி. இரண்டு மணி. ரீச்சருக்கு இப்போதே செய்தி எழுதிவிடலாமா என்று யோசித்தாள். 'மன்னிக்கவும், எனக்கு வசதிப்படாது.' அதை அனுப்பவும் ஐந்தாவது படிக்குத்தான் போகவேண்டும்.

இரண்டரைக்குப் படிக்கட்டில் காலடிச் சத்தம். ஒரு படி, நிறுத்தம். மற்றப் படி, நிறுத்தம். பாமினிக்கு முழங்கால் வருத்தம். மாடிக்கு அவள் ஏறி ஒரு வருடத்துக்கு மேல் இருக்கும்.

சுகிர்தா ஓடிப்போய்ப் பார்த்தபோது அக்கா ஐந்தாவது படியில் இருந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். மடியில் போனும் அந்தக் கடிதமும். மீன் செதில் துடைக்கப்பட்டிருந்தது.

"இதில இரு" என்றாள். "இதைப் பார்."

போனில், வட்ஸ்அப்பில், மகன் திலக்சனின் பெயர். யாழ்ப்பாணம் கம்பஸில் இரண்டாம் வருடம். அந்தப் பெயருக்குக் கீழே வரிசையாக, தவறிய அழைப்புகள். இரவு பத்து நாற்பது. பதினொன்று ஐந்து. பத்து ஐம்பது. பன்னிரண்டு பத்து. சுகிர்தா விரலால் தள்ளத் தள்ள அது முடியவில்லை.

"விடிய ஆறு மணிக்கு அவர் ரூட்டரைப் போட்ட உடன எல்லாம் ஒண்டா வந்து விழும்" என்றாள் பாமினி. "இருபத்திரண்டு நாள். என்ர போனுக்கு டேற்றா போடேல்லை. வீட்டில வைஃபை இருக்கேக்க என்னத்துக்கெண்டு விட்டிட்டார்."

"பகலில எடுக்கச் சொல்லலாமே அக்கா?"

"பகலில அவனுக்கு வகுப்பு. பின்னேரம் எடுத்தால் அவர் போனை வாங்கி ஸ்பீக்கரில போடுவார். அவன் 'சாப்பிட்டனான், படிக்கிறன், சுகமா இருக்கிறன்' எண்டு மூண்டு சொல் சொல்லுவான். எட்டாம் வகுப்புப் பிள்ளை பாடம் ஒப்பிக்கிற மாதிரி." அவள் போனைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தாள். "ராவில எடுக்கிறான் எண்டால் எனக்கு மட்டும் ஏதோ சொல்ல இருக்கு. நல்லதோ கெட்டதோ, எனக்குத் தெரியாது சுகி. பெத்தவளுக்குத் தெரியாது."

"அத்தானிட்டக் கேட்கலாம்தானே, ஒரு நாளைக்கு நிப்பாட்டாமல் விடச்சொல்லி?"

பாமினி தங்கையைத் திரும்பிப் பார்த்தாள். காலையில் துவாரகன் தன்னிடம் கேட்டதையே தானும் அக்காவிடம் கேட்டுவிட்டது சுகிர்தாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அக்காவுக்கும் இந்தப் படிதான். அவள் கீழேயிருந்து, நான் மேலேயிருந்து.

"பேனை இருக்கே?"

பாமினி முதலில் பழைய பேப்பர் ஒன்றின் ஓரத்தில் எழுதிப் பார்த்தாள். இரண்டு தடவை. மூன்றாவது தடவை கடிதத்தில். சுருக்கமோ கிறுக்கலோ இல்லை. பள்ளிக்கூடக் கொப்பியில் போல, ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக, முழுப்பெயர். அந்த உறுதிப் பத்திரத்திலும் இப்படித்தான் வைத்தாள், சுகிர்தாவுக்கு ஞாபகம் இருந்தது.

"அந்தப் பாஸ்வேட்டை எனக்கும் தருவியோ?" பாமினி கடிதத்தைப் பார்த்தபடியே கேட்டாள்.

"முதல் உங்களுக்குத்தான் அக்கா."

"அவற்ற போனில என்ர பேர் காட்டாதே?"

"காட்டாது. அது வேற லைன்."

பாமினி தலையாட்டினாள். இரண்டு ஐம்பத்திரண்டுக்குச் சுகிர்தா படம் பிடித்தாள். இரண்டு கோடு. கடிதம் அத்தானின் ரூட்டர் வழியாகத்தான் ரிஷாத்திடம் போய்ச் சேர்ந்தது. ஒரு நிமிடத்தில் உயர்த்திய கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. பிறகு, 'நாளை 10 மணி. லைன் இழுக்கிற கம்பம் உங்கட கேற்றடியிலதான் இருக்கு, லேசு.'

அக்காவைக் கைபிடித்து இறக்கிவிட்டாள். நாளை பத்து மணிக்கு அத்தான் துறைமுகத்தில் இருப்பார். அவர் வரும்போது கம்பி சுவருக்குள் போயிருக்கும். அதன்பிறகு என்ன சொல்வார், என்ன சொல்லாமல் விடுவார் என்பது சனிக்கிழமைக்குப் பிறகு பார்க்கவேண்டியது. பல நாளைக்குப் பிறகு அவளுக்குப் பசித்தது.

ஐந்து மணிக்குத் தவராசா வந்தார். ரியூசன் முடித்து அவரோடு வந்த லக்சனா அவருக்கு முன்னால் ஓடிவந்து புத்தகப்பையை எறிந்தாள். அவர் ஒரு சீப்பு இதரை வாழைப்பழத்தை மேசையில் வைத்து, சப்பாத்தைக் கழற்றி, தன்னுடைய கதிரையில் சாய்ந்தார். சுகிர்தா தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள்.

"இரும் பிள்ளை" என்றார். "இதொருக்கா வாசியும். கண்ணாடி பையுக்குள்ள கிடக்கு."

போனை நீட்டினார். ஒரு குறுஞ்செய்தி. அவள் கண்கள் அதில் பதிந்தன.

"என்ன, சின்ன எழுத்தோ?" அவரே வாங்கித் தூரத்தில் பிடித்து, எழுத்துக் கூட்டுவதுபோல் வாசித்தார். "'உங்கள் விலாசத்துக்கான புதிய இணைப்பு நாளை காலை பத்து மணிக்குப் பொருத்தப்படும். நேரம் வசதியில்லையெனில் இந்த இலக்கத்துக்கு அழைக்கவும்.' புதிய இணைப்போ? நான் ஒண்டும் கேட்கேல்லையே."

திங்கட்கிழமைப் படிவம் அவள் கண்ணுக்கு முன்னால் வந்தது. உரிமையாளர் பெயர். அதற்குக் கீழே உரிமையாளரின் போன் இலக்கம். 'பேர மட்டும் மாத்திர்றேன்.' 'ஓம் ஓம், அப்பிடியே விடுங்கோ.'

"ஆரோ ஒருத்தற்ற லைனை எங்கட தலையில கட்டப் பாக்கிறாங்கள்" என்றார் தவராசா சிரித்துக்கொண்டு. "போன் அடிச்சு வேண்டாம் எண்டு சொல்லிவிடுவம். இல்லாட்டி நாளைக்கு வந்து சுவரையும் துளைச்சுப்போட்டுப் போவாங்கள்."

அவருடைய பெருவிரல் அந்த இலக்கத்தின் மேல் போனது. சுகிர்தா கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். சொல்லவேண்டும். இப்போது சொல்லவேண்டும். 'அத்தான்' என்ற ஒரு சொல் போதும். அதுவும் உறைந்து நின்றது, அந்த ஏழு பிள்ளைகளின் முகங்களைப் போல.

"அடிக்காதேங்கோ."

பாமினி குசினி வாசலில் நின்றாள். கையில் மாவு. கையைத் துடைக்கவும் இல்லை.

"நான்தான் கேட்டனான்."

தவராசா மனைவியைப் பார்த்தார். கோபம் இல்லை. இருபது வருடத்துக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்த சுவரில் ஒரு ஜன்னல் இருப்பதைக் கண்டவர்போல் இருந்தார். லக்சனா வாழைப்பழம் உரிப்பதை நிறுத்தினாள்.

"நீயோ?" என்றார் மெதுவாக. "உனக்கு என்னத்துக்குப் பாமினி தனி லைன்? ஆரோட கதைக்க?"

பெருவிரல் இன்னும் அந்த இலக்கத்துக்கு மேலேயே நின்றது.